நான்கு எல்லையையும் வாசித்தீர்களா?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வேறூர்களில் இவை இரண்டு பாடுகள். காத்தான்குடியில் இரண்டும் ஒரே பாடு. பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பனின் மனத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் இடப்பட்டுவிடுகிறது. மணமுடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டிலே வந்து குடிபுகுவது மட்டக்களப்புப் பகுதியில் முஸ்லிம்களிடத்தும் தமிழர்களிடத்தும் நெடுங்காலமாக நிலவிவரும் முறை. மூன்று பெண்மக்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு வழிதேட வேண்டும். கொழும்பிலும் மலைநாட்டிலும் கடைவைத்துச் சேர்த்த பணமும், வளைகுடா நாடுகளின் வெயிலிற் காய்ந்து அனுப்பிய பணமும் ஈற்றில் வந்து சேருமிடம் பத்துப் பன்னிரண்டு பேர்ச்சஸ் நிலமும் அதன்மேல் நிற்கும் நான்கு சுவர்களுமேயாம்.

அந்த நிலமோ விரும்பியபடி விரியக்கூடியதன்று. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சுமார் 40,000 மக்கள் வாழ்ந்தனர். இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களுள் இதுவும் ஒன்று. நிலம் அரிதானால் விலை ஏறும். விலை ஏறினால் அவசரம் பிறக்கும். அவசரம் பிறந்த இடத்தில் விசாரணை தேய்ந்துபோகும். ஆகவே, வீடோ வளவோ வாங்கும் முன் எதனை, யாரிடம், எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்பது பற்றி இவ்வாரம் வாசகர்களுடன் அளவளாவ எண்ணுகிறோம்.

நமது உறவினர் ஒருவர் புடவைக் கடை வைத்திருப்பவர். நமக்கு மூத்தவராதலால் காக்கா என்றே அழைப்போம். அவர் தமது இரண்டாவது மகளுக்காக வாவிப் பக்கமாய் ஒரு வளவை வாங்கினார். காக்கா அசட்டையான மனிதர் அல்லர். நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைப் பார்ப்பித்தார். நில அளவையாளரை அழைத்து எல்லைக்கல் நாட்டுவித்தார். உறுதியில் ஒரு மாசும் இல்லை. வீடு எழுந்தது; மகளின் நிக்காஹும் சிறப்பாக நிறைவேறிற்று.

இரண்டாவது மாரி கழிந்தபோது சமையலறைச் சுவரில் மயிரிழைபோல் ஒரு வெடிப்புத் தோன்றிற்று. நான்காவது மாரியில் அதனுள் விரலை வைக்கலாம் என்றாயிற்று. தரை ஒருபுறம் தாழ்ந்தது. கதவுகள் நிலைகளில் இறுகின. ஒருநாள் அயல்வீட்டு மூத்தம்மா வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"இது மடுவல்லவா மகன்! எங்கட சின்ன வயசில இதுக்குள்ள மண் அள்ளி அள்ளிப் பெரிய பள்ளமாக் கிடந்தது. மாரியில தண்ணி நிக்கும், பொடியன்மார் நீந்துவாங்க. பிறகு குப்பையைக் கொட்டி மூடினாங்க."

"இதை நீங்க முன்னமே சொல்லல்லையே மூத்தம்மா?" என்றார் காக்கா.

"நீங்க கேட்கல்லையே மகன்."

மூத்தம்மாவின் இந்த விடையே இக்கட்டுரைக்கு வித்து. விற்றவர்மீதும் குறை சொல்வதற்கில்லை. அவரும் மேடாகக் கிடந்த நிலத்தையே வேறொருவரிடம் வாங்கியவர். உறுதியின் வரலாற்றைக் காக்கா விசாரித்தார். மண்ணின் வரலாற்றை விசாரிக்க மறந்தார். வீட்டுக்கு இவ்விரு வரலாறுகளும் உண்டு.

பதிவேடு சொல்வது

முதலில் உறுதியைப் பார்ப்போம். நம் நாட்டில் காணி வாய்ச்சொல்லாற் கைமாறுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிற்க ஒப்பமிடப்பட்ட எழுத்தே செல்லுபடியாகும். "வாப்பா மௌத்தாகுமுன் எனக்குத் தந்துவிட்டார்" என்று சொல்லி விற்க வருபவரிடம், உறுதி எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

அடுத்தது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. விற்பனை, நன்கொடை, சீதனம், ஈடு, நீதிமன்றக் கைப்பற்றுகை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியன அப்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். பக்கம் நிரம்பினால் தொடர்ச்சி வேறொரு பக்கத்துக்குச் செல்லும்; முன்னைய பக்கத்தின் இலக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதே பதிவுத் தேடல் எனப்படுவது.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுண்டு: முந்திப் பதிந்தவருக்கே முதன்மை. ஒருவர் தம் காணியைத் திங்கட்கிழமை நமக்கு விற்று, அதே காணியை வியாழக்கிழமை வேறொருவருக்கும் விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாம் பதியாமல் உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைத்திருக்க, மற்றவர் கபடமின்றி விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் அவர் பக்கமே சாயும். எனவே ஒப்பமிட்ட கையின் மை உலருமுன் பதிவுக்கு அனுப்புவித்தல் வேண்டும்.

ஆயினும் பதிவினால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுதல் தவறு. குற்றமுள்ள உறுதியைப் பதிவு குற்றமற்றதாக்காது. உரித்தில்லாதவர் எழுதிய உறுதியையும் பதியலாம். அதனால் அவருக்கு இல்லாத உரித்து நமக்கு வந்துவிடாது. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், "பிம்சவிய" என வழங்கும் திட்டத்தில், அரசே விசாரித்து உரித்தை உறுதிப்படுத்தும் முறை தொடங்கப்பட்டது. அம்முறைக்குள் வராத காணிகளிலோ விசாரிக்கும் பாரம் வாங்குபவரின் தோளிலேயே தங்குகிறது.

ஒப்பமிட வேண்டியவர் எத்தனை பேர்?

நம் பகுதியில் வழக்குகள் பெரும்பாலும் முளைப்பது பங்கிலேதான். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, சாசனம் எழுதாது காலமான முஸ்லிமின் சொத்து இஸ்லாமியச் சட்டப்படி பங்காகும். ஒருவர் மனைவியையும் இரண்டு ஆண்மக்களையும் மூன்று பெண்மக்களையும் விட்டுக் காலமானார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில், ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக, ஒவ்வொரு மகனுக்கும் எட்டில் இரண்டு, ஒவ்வொரு மகளுக்கும் எட்டில் ஒன்று. மூத்த மகன் ஒருவரே முன்வந்து முழு வளவையும் விற்றால், முழு விலை கொடுத்த நமக்குச் சேர்வது காற்பங்கு மட்டுமே. மீதி முக்காற்பங்கு நமது புதுக் கூரையின் கீழேயே பிறருக்குச் சொந்தமாய் இருக்கும்! ஆறுபேரும் ஒப்பமிட்டனரா, அல்லது பிரிவினை ஒழுங்காய் நடந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருப்பவருக்காகப் பிறர் ஒப்பமிட்டால், அதற்குரிய அற்றோணித் தத்துவத்தையும் கேட்டு வாசிக்க வேண்டும்.

சீதன உறுதிகளில் மற்றொரு நுணுக்கம் உண்டு. மகளுக்கு எழுதிய வீட்டில் தாய்தகப்பன் தமது சீவிய உரித்தை நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படியிருக்க மகள் மட்டும் விற்றால், முதியவர்களின் வாழ்நாள் வரை நாம் வாசலில் நிற்க வேண்டியதே. பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்ட காணியோ 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்துக்கு உட்பட்டது. வக்பு சபையின் அனுமதியின்றி அதனை விற்கலாகாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியையும் வைத்திருப்பவர் தம் விருப்பப்படி விற்க இயலாது. பிரதேச செயலகத்தில் விசாரித்தே அதில் கைவைக்க வேண்டும்.

"பத்து ஆண்டாக இருக்கிறேன், காணி எனதே" என்பாரும் உளர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், பிறருடைய காணியை எதிருரிமையுடன் இடையறாது பத்தாண்டு ஆண்டவருக்கு இடந்தருவது உண்மையே. ஆனால் போர்க்காலத்தில் உயிர்தப்பி ஓடியவர்கள் விட்டுச்சென்ற காணிகள் கிழக்கில் அனேகம். அவர்கள் வரமுடியாதிருந்த காலத்தையும் அவர்களுக்கு எதிராக எண்ணுதல் நீதியாகாது என்று கருதியே, 2016இல் பாராளுமன்றம் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்றை இயற்றிற்று. அரசுக்குரிய நிலத்திலோ பத்தாண்டுக் கணக்கு எடுபடாது; நூற்றாண்டில் மூன்றிலொரு பங்கு வேண்டும்.

மண்ணுக்கடியில் என்ன?

இனி மண்ணின் கதைக்கு வருவோம். காத்தான்குடியின் நடுவே, ஈச்சமரங்கள் நிற்கும் பிரதான வீதி கொழும்பிலே தொடங்குவது. அது நம்மூரை வந்தடையுமுன் இரத்தினபுரியை ஊடறுத்து வருகிறது. அங்கே வயலிலும் தோட்டத்திலும் ஏன், வீட்டு வளவிலுங்கூட மாணிக்கக் குழிகள் தோண்டப்படுகின்றன. தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை முடிந்தபின் குழியை மூடவும் வேண்டும். அதற்கெனப் பிணைப்பணமும் கட்ட வேண்டும். ஆனால் மூடிய குழி மூடாத நிலம்போல் ஆகிவிடுவதில்லை. இயற்கை பன்னெடுங்காலமாய் அடுக்கிய மண்ணின் இறுக்கத்தை மண்வெட்டி ஒரு வாரத்திற் கொடுத்துவிட முடியுமா?

மண்ணுக்குச் சொந்தக்காரர் அதனடியிலுள்ள கனிப்பொருளுக்கும் சொந்தக்காரர் என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் பிழை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி, நிலம் யாருடையதாயினும் கனிப்பொருளின் உடைமை அரசையே சாரும். வளவிலுள்ள மணலை விற்பனைக்காக அகழ்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. வளவை வாங்கியவர் அதன் மணலை வணிகப் பொருளாகவும் வாங்கிவிட்டதாக எண்ணலாகாது.

சுரங்கத்தின்மேல் வாழ்வது எப்படி என்பதை நம்மவர் அறியாதவர் அல்லர். இந்தியாவின் கோலார் தங்கவயலுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர் சென்றனர். அங்கே சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேல் ஆழம் சென்றது. ஆழத்தில் பாறை அழுத்தந் தாங்காது வெடிக்கும்போது மேலே குடியிருப்புகளின் சுவர்கள் அதிர்ந்தன. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கம் மூடப்பட்டது; அடியிலுள்ள வெற்றிடமோ அப்படியே இருக்கிறது.

பிரித்தானியாவில் இதற்கென ஒரு முறையே உருவாகியிருக்கிறது. கைவிடப்படும் சுரங்கங்களின் வரைபடங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்று 1872இல் அங்கே சட்டமாயிற்று. அந்த வரைபடங்கள் இன்றும் பயன்படுகின்றன. நிலக்கரி வெட்டிய மாவட்டங்களில் வீடு வாங்குபவர், தமது வழக்கறிஞர் மூலம் "இவ்வீட்டின் அடியில் சுரங்கம் ஓடுகிறதா? அருகில் மூடிய கிணறு உண்டா?" எனக் கட்டணம் செலுத்திக் கேட்டு, விடையைப் பெற்ற பின்னரே ஒப்பமிடுவது வழக்கம். 1994இல் அமைந்த நிலக்கரி அதிகாரசபை இப்பணியை ஆற்றிற்று; 2024இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. நம் நாட்டிலோ வீடு வாங்கும் நடைமுறையில் அத்தகைய விசாரணைக்கு இன்னும் இடமில்லை. நமது மண் மடுக்களின் வரைபடம் மூத்தம்மாமாரின் நினைவிலேயே இருக்கிறது. அவர்கள் மறையும்போது அதுவும் மறைகிறது.

வாவியோரத்து நிலம்

காத்தான்குடியில் நிலக்கரியும் இல்லை, மாணிக்கமும் இல்லை. இங்கு அகழப்பட்டது மணல். வளவை உயர்த்தவும் அத்திவாரம் நிரப்பவும் சீமெந்துக் கல் அரியவும் மணல் வேண்டியிருந்தது. எடுத்த இடம் பள்ளமாயிற்று. பள்ளம் பின்னர் கழிவால் மேடாயிற்று. வாவியோரத் தாழ்நிலத்திலும் மண்ணும் கிரவலும் குப்பையுமிட்டு நிரப்புதல் நடைபெறுவதுண்டு. மேலே ஒரு முழத்துக்கு நல்ல மணலைப் பரப்பிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே.

குப்பை அடியிற் கிடந்து உக்கும். உக்க உக்கச் சுருங்கும். வாவிநீர் மாரியில் உயர்ந்து கோடையில் தாழும்போது மேலும் இறங்கும். முழு வீடும் ஒரே சீராய் இறங்கினால் தீங்கு சிறிது. ஒரு மூலை பழைய திடலிலும் மறுமூலை மூடிய மடுவிலும் நிற்கும் வீடே பெரும் ஆபத்துக்குள்ளாவது. காக்காவின் சமையலறை அவ்வாறே பிளந்தது.

ஈண்டு வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாவியின் படுகை அரசுக்குரியது. அதனை நிரப்பி உண்டாக்கிய மேடு எவருடைய பரம்பரைச் சொத்துமாகாது. மண் நேற்று வந்ததாயின், அதற்கு நூறாண்டு உறுதி எங்கிருந்து வரும்? ஆகவே மண்ணை விசாரிப்பவர் உறுதியையும் சோதித்தவராகிறார். உறுதியைக் கூர்ந்து வாசிப்பவர் மண்ணையும் அறிந்தவராகிறார்.

கூர்ந்து வாசிப்பதென்றால் என்ன? உறுதியின் அட்டவணையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். பெயரையும் பரப்பையும் பார்க்கும் நாம், எல்லைகளைச் சடங்கென்று தாண்டிவிடுகிறோம். பழைய உறுதியில் "மேற்கு: வாவி" என்றிருந்து, இன்றைய அளவைப் படத்தில் மேற்கே வேறொருவரின் வளவு இருக்குமானால், அவ்வளவு எங்கிருந்து முளைத்தது? எல்லையில் "பள்ளம்", "மடு", "நீரோடை", "கண்டல்" என்ற சொற்கள் முன்னர் வந்து பின்னர் மறைந்திருந்தால், அவை எப்போது, எதனால் மறைந்தன? நமது காணியின் உறுதியோடு நில்லாது அயற்காணிகளின் பழைய உறுதிகளையும் பார்க்க வேண்டும். அவற்றின் எல்லையில் நமது காணிக்கு அக்காலத்திலிருந்த பெயர் எழுதப்பட்டிருக்கும்.

செய்ய வேண்டியவை

கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் வளவைப் போய்ப் பாருங்கள். அயல்வீட்டுச் சுவர்களில் சாய்வான வெடிப்பு உண்டா, முற்றிய தென்னைகள் நிற்கின்றனவா என்று நோக்குங்கள். நெடிதுயர்ந்த பழந்தென்னை நிற்குமிடம் பழைய நிலம் என்பதற்கு நல்ல சாட்சி. விற்பவரின் இசைவோடு வீடு எழும்பவிருக்கும் நான்கு மூலைகளிலும் ஆளின் நெஞ்சளவு ஆழத்துக்குக் குழி வெட்டுவியுங்கள். வெண்மணல் சீராய் வந்தால் நன்று. கரிய சேறும் கந்தலும் போத்தல் ஓடும் வந்தால், விலைபேச்சை நிறுத்திப் பொறியியலாளரை அழையுங்கள். பள்ளம் இருந்த இடத்திற் கட்டவே முடியாது என்பதன்று. அதற்கேற்ற அத்திவாரமும் அதற்கேற்ற செலவும் வேண்டும். அச்செலவு விலையிற் குறைய வேண்டும்.

1956இல் நாடெங்கும் வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் நில அளவைத் திணைக்களத்தின் வரலாற்றுச் செல்வம். இக்காலத்தில் பழைய செய்மதிப் படங்களைக் கணினியிலேயே ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நாழிகையிற் காட்டித்தருவர். வாவி எங்கே நின்றது, பின் எங்கே ஒதுங்கிற்று என்பது அதிலே தெரியும்.

கடற்பக்கமாயின் வேறு விசாரணையும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் கடலிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக்கிற்று. அதற்குட் கட்டுவதற்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம்மூர்க் கரையில் செய்த அழிவை மறந்தவர் யார்? நகரசபையில் வீதிக்கோடும் கட்டட அனுமதியும் வினவுதல் எல்லாக் காணிகளுக்கும் பொது.

இவையனைத்துக்கும் மேலாக, அயலவர் திண்ணையில் ஒரு மணிநேரம் அமருங்கள். 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியின்போதும் 2011ஆம் ஆண்டு வெள்ளத்தின்போதும் இவ்விடத்தில் நீர் எவ்வளவு நின்றது என்று முதியவர்களைக் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பதில் அங்கே தேநீரோடு கிடைக்கும்.

காக்காவின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. சுவர் பிளந்த பிறகு அவர் மூத்தம்மாவின் வீட்டுப் பழைய உறுதியை வாங்கி வாசித்தார். மங்கிய மையில், அந்த வீட்டின் மேற்கெல்லை "மண் மடு" என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நொத்தாரிசு பார்த்த முப்பது ஆண்டுகளுக்கு முன்னைய உறுதி அது. காகிதம் மௌனமாயிருக்கவில்லை, வாசிப்பார்தாம் இருக்கவில்லை. வீட்டின் ஒரு பகுதியை இடித்து, ஆழமாய்த் தூண் இறக்கிக் கட்ட அவர் கடையின் முதலில் பெரும்பங்கு கரைந்தது. அதுவரை மகளும் மருமகனும் குழந்தையும் காக்காவின் சிறிய வீட்டிலேயே ஒதுங்கியிருந்தனர்.

மூன்றாவது மகளுக்கு இப்போது வளவு பார்க்கிறார்கள். தரகர் ஓரிடத்தைச் சொன்னதும் காக்கா நொத்தாரிசிடம் போகவில்லை, பதிவகத்துக்கும் போகவில்லை. முதலிற் சென்றது அந்த வளவின் அடுத்த வீட்டுக்கு. அங்கே ஒரு முதியவரின் அருகில் அமர்ந்து, "இந்த இடம் முன்ன எப்படியிருந்தது?" என்று கேட்டிருக்கிறார்.